படிவம் ஏழாவது வேலை: ஊர்ச் சங்கம் அறக்கட்டளை நிதி கேட்பதற்கான முழு வழிகாட்டி

அறக்கட்டளை ஒன்று சிறு திட்டங்களுக்கு நிதி தருகிறது என்று கேள்விப்பட்டதும் மாதர் சங்கமோ, முன்பள்ளிப் பெற்றோர் குழுவோ, விளையாட்டுக் கழகமோ முதலில் தேடுவது படிவத்தைத்தான். வட்ஸ்அப்பில் வந்ததை அச்செடுத்து, முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது உட்கார்ந்து நிரப்பத் தொடங்குவார்கள். நாலாவது கேள்வியில் சங்கத்தின் வங்கிக் கணக்கு இலக்கம் கேட்டிருக்கும். புத்தகம் பொருளாளரிடம். பொருளாளர் கட்டாரில்.

படிவம் நிரப்புவது ஏழாவது வேலை. அதற்கு முந்திய ஆறும் முடிந்திருந்தால் படிவம் ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். கீழே உள்ள ஒழுங்கு மட்டக்களப்பு மாவட்டத்தின் ஊர்ச் சங்கங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. அம்பாறைக்கும் பெரும்பாலும் பொருந்தும். விளங்குவதற்காக ஒரே எடுத்துக்காட்டையே முழுக்கப் பிடித்துக்கொள்வோம்: படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம்) 32 பிள்ளைகள் படிக்கும் ஒரு முன்பள்ளிக்கு மழைநீர்த் தாங்கியும் கை கழுவும் குழாய்களும்.

1. சங்கத்தின் கடதாசிகளை மேசையில் வையுங்கள்

தேவைப்படுவது ஐந்து: பதிவுச் சான்றிதழ், யாப்பு, கடைசி வருடாந்தப் பொதுக்கூட்ட அறிக்கை, இப்போதைய நிர்வாகிகளின் பட்டியல், அங்கத்தவர் பட்டியல். அறக்கட்டளை தனியாளுக்குக் காசு கொடுப்பதில்லை. "பதிவுள்ள சங்கத்துக்குத்தான் கொடுத்தோம், இவர்கள்தான் அதன் பொறுப்பாளர்கள்" என்று அது தன் கணக்காய்வாளருக்குக் காட்ட வேண்டும். அதனால் இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் மிச்சத்தை யாரும் வாசிக்க மாட்டார்கள்.

அதிகம் தடுக்கி விழும் இடம் பொதுக்கூட்ட அறிக்கை. மூன்று வருடமாகக் கூட்டம் நடக்காத சங்கங்கள் நிறைய. பழைய திகதி போட்டு அறிக்கை எழுதலாம் என்று ஒருவர் கட்டாயம் யோசனை சொல்வார். வேண்டாம். கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரை அழைத்து இந்த மாதமே ஒரு பொதுக்கூட்டம் வைத்து, புதிய நிர்வாகத்தைத் தெரிவு செய்து, அவருடைய கையொப்பத்தையும் வாங்குங்கள். நேற்று நடந்த உண்மையான கூட்டத்தை எந்த அறக்கட்டளையும் குறையாகப் பார்ப்பதில்லை.

பதிவு எங்கே என்பதிலும் குழப்பம் உண்டு. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் பதியப்படுவது கிராம அபிவிருத்தித் திணைக்களத்தில். தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் தொடர்பான 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடக்கும் பதிவு வேறு. சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதையே இலக்கத்தோடு எழுதுங்கள்.

முன்பள்ளிப் பெற்றோர் குழுவுக்குப் பதிவு இல்லையென்றால், நிதிக்காக அவசரமாகப் புதுச் சங்கம் தொடங்குவதை விட ஊர் மாதர் சங்கத்தின் பெயரில் போவது நல்லது. பல அறக்கட்டளைகள் சங்கத்தின் முந்தைய வேலைகளையும் கேட்கும். நேற்றுப் பிறந்த சங்கத்திடம் காட்ட எதுவும் இருக்காது.

2. வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா?

புத்தகத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய் மூன்று விடயம் பாருங்கள்.

முதலாவது, நெடுங்காலம் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் கணக்கு செயலிழந்து போயிருக்கிறதா? போயிருந்தால் கையொப்பக்காரர்கள் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும்.

இரண்டாவது, கையொப்பக்காரர்கள் யார்? தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் பதிந்திருந்து, பொருளாளரோடு மற்ற இருவரில் ஒருவர் கையொப்பமிட்டால் காசு எடுக்கலாம் என்பது வசதியான ஒழுங்கு. ஒருவர் வெளிநாடு போயிருந்தால் நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, அறிக்கையின் பிரதியோடு பெயரை மாற்ற வேண்டும். இதற்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்கி வையுங்கள். வங்கி தீர்மானத்தின் சொற்களைத் திருத்திவரச் சொல்லி ஒரு தடவையாவது திருப்பி அனுப்பும்.

மூன்றாவது பெயர். சின்ன விடயமாகத் தெரியும், ஆனால் காசு வந்த பிறகு கழுத்தைப் பிடிப்பது இதுதான். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டு, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று, றப்பர் முத்திரையில் மூன்றாவது. காசோலை சான்றிதழில் உள்ள பெயருக்கு எழுதப்படும், வங்கி தன் புத்தகப் பெயரைப் பார்க்கும், காசோலை திரும்பும். மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, சான்றிதழுக்கு ஏற்ப மற்ற இரண்டையும் மாற்றுங்கள்.

தலைவரின் சொந்தக் கணக்கில் காசைப் போடச் சொல்லிக் கேட்பது, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், விண்ணப்பத்தை அந்த இடத்திலேயே முடித்துவிடும்.

3. ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து அளவெடுங்கள்

ஊர்க்கூட்டம் வையுங்கள். தேவைகள் கொட்டும்: முன்பள்ளிக்குத் தண்ணீர், மயான மதில், வீதி விளக்கு, தையல் பயிற்சி, பொதுக்கட்டிடத்துக்குக் கதிரை. எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் போட்டால் எதுவும் கிடைக்காது. நிதி தருபவர் ஒரு வேலையைத்தான் நேரில் பார்த்து அளக்க முடியும். ஒன்றைத் தெரிவு செய்து, தெரிவு செய்த விதத்தையும் கூட்ட அறிக்கையில் எழுதுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், அதில் பெண்கள் எத்தனை, எதற்கு எத்தனை கை உயர்ந்தது. இந்தப் பக்கத்தின் பிரதி பிறகு விண்ணப்பத்தோடு போகும்.

அடுத்தது அளவு. பெரும்பாலான விண்ணப்பங்களில் இல்லாதது இதுதான்.

"பிள்ளைகளுக்குக் குடிநீர் இல்லை, 5,000 லீற்றர் தாங்கி தேவை" என்று எழுதுவார்கள். ஏன் 5,000? கடையில் அந்த அளவு இருந்தது என்பதைத் தவிர வேறு பதில் இருக்காது. இப்படிக் கணக்குப் பாருங்கள். 32 பிள்ளைகள். ஒரு பிள்ளைக்குக் குடிக்க 1 லீற்றர், கை கழுவ 2 லீற்றர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 96 லீற்றர். 5,000 லீற்றர் 52 பள்ளி நாளுக்குத்தான் வரும். சித்திரையில் தொடங்கினால் ஆனி முடியும்போது தாங்கி வெறுமையாகி, கச்சான் காற்று அடிக்கும் வறண்ட காலத்தில் மறுபடி பிரதேச சபையின் தண்ணீர்ப் பவுசரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 10,000 லீற்றர் என்றால் 104 நாள். விடுமுறைகளைக் கழித்தால் மாரி தொடங்கும் வரை இழுக்கலாம்.

கூரை அவ்வளவு நீரைத் தருமா? ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர். சிந்துவதும் ஆவியாவதும் போக 80 வீதம் சேரும் என்று கொள்ளலாம். 9 மீற்றருக்கு 6 மீற்றர் கூரை 54 சதுர மீற்றர். ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் 43 லீற்றர். 10,000 லீற்றர் நிரம்ப ஏறக்குறைய 230 மில்லிமீற்றர் மழை வேண்டும். மட்டக்களப்பில் சாதாரண வருடத்தில் நவம்பர், டிசம்பர் மழையே அதற்குப் போதும். கூரையின் இரண்டு பக்கமும் பீலி (கூரை நீரைச் சேர்த்துக் கொண்டுவரும் தவாளிப்பு) பூட்டினால்தான் இந்தக் கணக்கு சரி. ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் பாதிதான்.

உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். முன்பள்ளிக் கூரையின் தாழ்வாரம் பல இடங்களில் எட்டடிதான். தாங்கி ஆறரை அடி, அதற்குக் கீழே இரண்டடிக் கட்டு என்றால் எட்டரை அடி. தாங்கியின் வாய் பீலிக்கு மேலே போய்விட்டது. நீர் ஏறாது. கட்டை அறவே விட்டுவிட்டால் குழாய் நிலத்தோடு ஒட்டிவரும், வாளி வைக்க இடமிராது. கடையில் தாங்கியின் உயரத்தை நாடாவால் அளந்த பிறகே அளவை முடிவு செய்யுங்கள். தேவைப்பட்டால் உயரம் குறைந்த 2,500 லீற்றர்த் தாங்கி நான்கு வாங்கலாம். இனி வரும் கணக்குகளில் 5,000 லீற்றர்த் தாங்கி இரண்டு என்று வைத்துக்கொள்வோம்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் இந்தக் கட்டத்திலேயே கேளுங்கள். நுளம்பு நுழையாத வலை, முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விடும் குழாய், மூடி, குளோரின் என்று சிலவற்றைச் சொல்வார். இவற்றை மதிப்பீட்டில் சேர்க்காவிட்டால் பிறகு சங்கத்தின் கையிலிருந்து போகும். கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் குடிக்க எடுக்கலாமா, கை கழுவ மட்டுமா என்பதையும் அவரிடமே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

4. காணி யாருடையது?

முன்பள்ளி இருப்பது சங்கக் காணியா, கோயில் காணியா, பிரதேச சபையினதா, தனியார் அனுமதிப்பத்திரக் காணியா? "ஊர்க் காணி" என்ற பதில் ஊருக்குள் செல்லும். அறக்கட்டளைக்குச் செல்லாது. கட்டி முடிந்த பிறகு உரிமையாளரின் மகன் வந்து வேலி போட்டால் அவர்கள் காசு வேலிக்குள் போய்விடும்.

உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதியும், இந்த இடத்தில் தாங்கி வைப்பதில் ஆட்சேபனை இல்லை என்று உரியவர் தரும் கடிதமும் எடுங்கள். கடிதத்தில் எத்தனை வருடத்துக்கு என்பதும் இருக்கட்டும். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், பிறகு பிரதேச செயலாளரின் சிபாரிசு. வரிசையை மாற்றினால் அலைச்சல்தான். கிராம உத்தியோகத்தரின் கடிதம் இல்லாமல் பிரதேச செயலகத்துக்குப் போனால் திருப்பி அவரிடமே அனுப்புவார்கள்.

இதே இடத்துக்கு வேறு நிறுவனம் எதுவும் தண்ணீர்த் திட்டம் வைத்திருக்கிறதா என்பதையும் பிரதேச செயலகத்தின் திட்டமிடல் பிரிவில் கேளுங்கள். ஒரே முன்பள்ளிக்கு இரண்டு தாங்கி வந்து, பக்கத்து ஊருக்கு ஒன்றும் வராத கதை புதிதல்ல. முன்பள்ளி என்பதால் மாகாண முன்பள்ளிக் கல்விப் பணியகத்தின் உத்தியோகத்தருக்கும் ஒரு கடிதம் போகட்டும்.

5. மதிப்பீடும் விலைகளும்

பிரதேச செயலகத்தின் அல்லது பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் மதிப்பீடு செய்விக்க முடிந்தால் அதுதான் சிறப்பு. முடியாவிட்டால் அனுபவமுள்ள மேசனோடு உட்கார்ந்து பொருள் பொருளாக எழுதுங்கள். "தாங்கி அமைத்தல்: மொத்தமாக" என்று ஒரு வரியில் ஒரு தொகையைப் போடுவது விண்ணப்பத்தைக் கெடுக்கும் மிகச் சுலபமான வழி.

தாங்கி இரண்டையும் வைக்கும் மேற்தளக் கொங்கிரீட்டை மட்டும் எடுத்துக் காட்டுகிறோம். ஒவ்வொன்றும் எட்டடிக்கு எட்டடி, ஆறு அங்குலத் தடிப்பு. ஒன்று 32 கன அடி, இரண்டும் 64. 1:2:4 (சீமெந்து, மணல், கல்) கலவைக்கு 50 கிலோ சீமெந்து 12 பை, மணல் ஏறக்குறைய 29 கன அடி, கல் 58 கன அடி. ஒரு கியூப் 100 கன அடி என்பதால் மணல் 0.3 கியூப், கல் 0.6 கியூப். கீழ்க்கட்டுக்கும் கம்பிக்கும் இதே மாதிரி வேறாக எழுத வேண்டும். நிரம்பிய தாங்கி ஒன்றில் நீர் மட்டும் 5,000 கிலோ. மணற்பாங்கான நிலத்தில் அத்திவாரத்தைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் முதல் மாரியிலேயே ஒரு பக்கம் சரியும்.

கடையில் 0.3 கியூப் மணல் தர மாட்டார்கள். ஒரு லோட் வரும். அதை மறைக்காமல் "1 லோட், மீதி கைகழுவும் இடத்தின் பூச்சுக்கு" என்று எழுதுங்கள். தேவைக்கு மேல் மணல் ஏன் என்று கேட்டால் பதில் தாளிலேயே இருக்கும்.

விலை மனு மூன்று கடைகளில் எடுப்பது வழக்கம். ஒரே பொருள், ஒரே அளவு, ஒரே தரம் என்று மூன்று கடைக்கும் ஒரே பட்டியலைக் கொடுங்கள். ஒரு கடை அரை அங்குலக் குழாய்க்கும் இன்னொரு கடை முக்கால் அங்குலத்துக்கும் விலை போட்டிருந்தால் அவற்றை ஒப்பிட முடியாது. ஒரே கையெழுத்தில் மூன்று கடை முத்திரையோடு வரும் விலை மனுக்களைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு சங்கத்தின் பெயர் கெட்டது கெட்டதுதான்.

ஏற்றுகூலியை மறப்பது படுவான்கரைச் சங்கங்களின் நிரந்தரப் பிழை. காத்தான்குடியில் வாங்கிய சாமான் வாவியைக் கடந்து, மண்முனைப் பாலம் வழியாகக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வந்து, அங்கிருந்து கிரவல் வீதியில் உள்ளே போக வேண்டும். கடை விலை குறைவாக இருந்தும் கூலியோடு சேர்த்தால் கூடிவிடலாம். "இடத்தில் இறக்கித் தரும் விலை" என்று கேட்டே வாங்குங்கள். கடைக்காரர் விலை மனுவில் 30 நாள் செல்லும் என்று போடுவார். அறக்கட்டளையின் முடிவு வர மாதங்கள் ஆகும். விலை ஏற்றத்துக்கென்று 5 முதல் 10 வீதம் ஒரு தனி வரியாகக் காட்ட அனுமதி உண்டா என்று கேளுங்கள். அனுமதி இல்லையென்றால் அதைப் பொருள்களின் விலைக்குள் ஒளிக்க வேண்டாம். எந்தப் பகுதியைப் பிறகு சங்கம் தன் செலவில் செய்யும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

சங்கத்தின் பங்கும் வரவேண்டும். சிரமதானம் (ஊரார் கூலி வாங்காமல் சேர்ந்து செய்யும் வேலை) 14 பேர், 2 நாள் என்றால் 28 ஆள்நாள். ஊரில் நாட்கூலி 2,500 ரூபாய் என்று வைத்தால் 70,000 ரூபாய். மேசன் கூலிக்கு உள்ள வீதத்தில் கிடங்கு வெட்டுவதைக் கணக்கிட்டு இதைப் பெருப்பிக்க வேண்டாம். சமையல், சாமான் காவல் போன்றவற்றை நாள்கணக்கில் சேர்க்கலாம்.

6. யாரிடம், எப்போது?

இப்போதுதான் அறக்கட்டளையைத் தேடுவது. அதன் அறிவித்தலில் நான்கு வரியைத் தேடி அடிக்கோடிடுங்கள்: எந்தப் பிரதேசம், எந்தத் துறை, ஆகக் கூடிய தொகை, எதற்குத் தருவதில்லை. கோயில், பள்ளிவாசல், தேவாலயக் கட்டிடம், தனிநபர் உதவி, கடன் அடைப்பு, ஏற்கெனவே முடிந்த வேலை, நிரந்தரச் சம்பளம் ஆகியவற்றைப் பெரும்பாலானவை விலக்கியிருக்கும். உங்கள் முன்பள்ளி கோயில் வளவுக்குள் இருந்தால், தண்ணீர் பிள்ளைகளுக்கு என்பதை முதல் பந்தியிலேயே தெளிவாக்குங்கள்.

நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். தாங்கி ஒக்டோபர் தொடக்கத்தில் மழைக்குக் காத்திருக்க வேண்டும். கட்டுமானத்துக்கு ஆறு வாரம். இடையில் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக் காலத்தில் ஊரில் ஆள் பிடிக்க முடியாது. மாரி நெற்செய்கையான பெரும்போகத்தின் அறுவடை முடியும் வரை சிரமதானத்துக்கும் வரமாட்டார்கள். ஆகவே வேலை நடப்பது ஆனி முதல் ஆவணிக்குள். முதல் தவணை ஆனிக்கு முன் வர வேண்டும், முடிவு அதற்கும் முன். விண்ணப்பம் தைக்குள் போயாக வேண்டும். ஊர்க்கூட்டம் அதற்கு முந்திய புரட்டாசியில், விதைப்புக்கு இறங்கும் முன். கிரானுக்கு மேற்கேயும் வாகரைப் பக்கமும் மாரியில் வீதி வெள்ளத்தில் போகும் ஊர்களுக்குக் கள வருகை மார்கழியில் விழுந்தால் தள்ளிப்போகும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

7. படிவம்

தமிழில் ஏற்றுக்கொண்டால் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலம் கட்டாயம் என்றால் முதலில் தமிழில் எழுதி முடித்து அதை மொழிபெயர்ப்பியுங்கள். நேரடியாக ஆங்கிலத்தில் எழுதித் தந்து வரும் தொகையில் பங்கு கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவது அழகாக இருக்கும். கள வருகையில் செயலாளரிடம் கேட்டால் தங்கள் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

"எமது கிராமம் யுத்தத்தாலும் சுனாமியாலும் பாதிக்கப்பட்ட மிகவும் பின்தங்கிய கிராமமாகும்" என்பது எல்லா விண்ணப்பத்திலும் முதல் வரி. 2004 சுனாமி அடித்தது கடற்கரையை. வாவிக்கு மேற்கே உள்ள ஊர் அதை எழுதினால் வேறொரு சங்கத்தின் விண்ணப்பத்தைப் பார்த்து எழுதியது என்று தெரிந்துபோகும். அந்த இடத்தில் இப்படி இருக்கட்டும்:

"எமது முன்பள்ளியில் 32 பிள்ளைகள் படிக்கிறார்கள். வளவிலுள்ள கிணறு ஆனி மாதத்தில் வற்றிவிடும். அதன் பிறகு பெற்றோர் முறைவைத்து 700 மீற்றர் தூரத்திலிருந்து நாளுக்கு நான்கு குடம் கொண்டுவருகிறார்கள். அது குடிப்பதற்கே போதாததால் பிள்ளைகள் சாப்பிடுமுன் கை கழுவுவதில்லை."

நான்கு வாக்கியம், மூன்று இலக்கம். தூரத்தை உண்மையில் அளந்து உங்கள் இலக்கத்தைப் போடுங்கள். "நோக்கம்" கேட்கும் இடத்தில் தாங்கியை எழுதாதீர்கள். தாங்கி செலவு. சித்திரையிலிருந்து புரட்டாசி வரை ஒவ்வொரு பள்ளி நாளும் பிள்ளைக்கு 3 லீற்றர் என்பதே நோக்கம்.

"திட்டம் முடிந்த பிறகு யார் பராமரிப்பது?" என்ற கேள்விக்கு "சங்கம் பராமரிக்கும்" என்று எழுதினால் அது பதிலே அல்ல. பீலி துப்பரவு புரட்டாசியில், தாங்கி கழுவுவது அதே வாரம், பொறுப்பு பெற்றோர் குழுவின் இரண்டு பேர், குழாய் மாற்ற மாதம் ஒரு குடும்பத்திடம் இவ்வளவு ரூபாய். பிள்ளைகள் திருகும் குழாய்தான் முதலில் உடையும். மாற்றுக் குழாய் இரண்டை மதிப்பீட்டிலேயே சேர்த்திருந்தால் இங்கே அதைச் சொல்லலாம்.

பிள்ளைகளின் படம் இணைப்பதானால் பெற்றோரின் கையொப்பம் வேண்டும். அழுக்குச் சட்டையில் நிறுத்தி எடுக்கும் படம் தேவையில்லை. வற்றிய கிணற்றின் படம், திகதியோடு, போதும்.

அனுப்பும் முன் எல்லாப் பக்கத்தின் பிரதியும் ஒரு கோப்பில் இருக்கட்டும். படிவத்தின் மொத்தத் தொகையும் மதிப்பீட்டின் மொத்தத் தொகையும் ஒன்றா என்று வேறொருவரைக் கொண்டு கூட்டிப் பாருங்கள். ஆச்சரியமான அளவு விண்ணப்பங்களில் அவை ஒன்றல்ல.

8. கள வருகை

மாலை, மேளம், குளிர்பானம் வேண்டாம். தேநீர் போதும். வருபவர் பார்க்க விரும்புவது கிணறு, தாங்கி வைக்கும் இடம், கூட்ட அறிக்கைப் புத்தகம், காசுப் புத்தகம். தலைவர் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் வந்தவர் பின்னால் நிற்கும் பெண்களிடம் திரும்பிக் கேட்பார். தண்ணீர் தூக்குபவரே பேசட்டும். தெரியாத கேள்விக்குப் பார்த்துச் சொல்கிறோம் என்று குறித்துக்கொண்டு அடுத்த வாரத்துக்குள் சொல்லுங்கள்.

9. ஒப்பந்தத்தை வாசித்துக் கையொப்பமிடுங்கள்

காசு தவணையாக வரும். உதாரணத்துக்கு முதலில் பாதி, அதன் கணக்குக் கொடுத்தபின் 40 வீதம், இறுதி அறிக்கைக்குப் பின் 10 வீதம். கடைசி 10 வீதத்தைச் சங்கம் முதலில் செலவழித்துவிட்டுத்தான் திரும்பப் பெற வேண்டிவரும். அந்த முற்பணம் எங்கிருந்து என்பதைக் கையொப்பமிடும் அன்றே தீர்மானியுங்கள். கடைக்காரரோடு பேசி அவருடைய கடைசிக் கொடுப்பனவை அந்தத் தவணையோடு பொருத்துவது ஒரு வழி.

பொருளை மாற்ற வேண்டிவந்தால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கும். பச்சைத் தாங்கிக்குப் பதில் கறுப்பு வாங்குவதற்குக் கேட்கத் தேவையில்லை. 5,000 லீற்றருக்குப் பதில் 3,000 என்றால் கட்டாயம் கேட்க வேண்டும், விலை ஏறியதுதான் காரணம் என்றாலும்.

10. வேலை நடக்கும்போது

ஒழுங்கு: கீழ்க்கட்டு, மேற்தளம், ஏழு நாள் நீர் ஊற்றி ஆறவிடல், தாங்கி, பீலி, குழாய். பீலியை முதலில் பூட்டிவிட்டுத் தாங்கி வைக்கும் இடத்தைப் பிறகு தேடினால் குழாய் இரண்டு மூன்று முழங்கையோடு வளைந்து போகும். அந்த வளைவுகளில் இலை அடைக்கும். ஏழு நாளை நாலாகச் சுருக்கும்படி மேசன் கேட்பார், அவருக்கு அடுத்த வேலை இருக்கும். விடாதீர்கள்.

பில் விடயத்தில் கடும் பிடியாக இருங்கள். பில்லில் கடையின் பெயர், திகதி, சங்கத்தின் பெயர், பொருள், அளவு, தொகை இருக்க வேண்டும். இயந்திரத்தில் அச்சாகும் வழுவழுப்பான பில் சில மாதத்தில் வெளிறி வெறுந்தாளாகிவிடும். அன்றே பிரதியெடுத்து இரண்டையும் சேர்த்துக் குத்துங்கள். மணல் தருபவரிடம் பில் இருக்காது. வவுச்சரில் அவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், கையொப்பம் வாங்குங்கள். மணல் ஏற்றுவதற்கான அனுமதிப்பத்திரத்தின் பிரதியும் அதோடு இருக்கட்டும். அனுமதியில்லாத மணலைப் பொலிஸ் பிடித்தால் வேலையும் நிற்கும், சங்கத்தின் பெயரும் அதில் வரும்.

சிரமதானத்துக்கு வந்தவர்களின் பெயரும் கையொப்பமும் அன்றைக்கே எடுக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து வீடு வீடாகப் போய் வாங்கும் கையொப்பங்கள் எல்லாம் ஒரே பேனையில், ஒரே திகதியில் இருக்கும்.

படம் மூன்று நேரம் எடுங்கள்: வெறும் நிலம், கம்பி கட்டிக் கொங்கிரீட் போடும் முன், முடிந்த பின். ஒரே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். கொங்கிரீட்டுக்குள் கம்பி இருந்ததைப் பிறகு வேறெந்த வழியாலும் காட்ட முடியாது.

11. அறிக்கை, அதன் பிறகு

நிதி அறிக்கையில் மதிப்பீட்டில் உள்ள அதே வரிசையில், வரிக்கு வரி, திட்டமிட்ட தொகை, செலவான தொகை, வித்தியாசம், காரணம். மிச்சம் வந்தால் மிச்சம் என்றே எழுதுங்கள். அதைச் செலவழித்து முடிக்க வேண்டுமென்று கடைசி வாரத்தில் கதிரை வாங்கிய சங்கங்கள் அந்தக் கதிரைக் காசைத் திருப்பிக் கட்டியிருக்கின்றன.

நிராகரிப்புக் கடிதம் வந்திருந்தால் காரணத்தைத் தொலைபேசியில் மரியாதையாகக் கேட்டு அறிக்கைப் புத்தகத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் தொகை முடிந்துபோனதோ ஒரு கடதாசி குறைந்ததோதான் காரணமாக இருக்கும். முதல் ஆறு வேலையும் அப்படியே இருப்பதால் அடுத்த சுற்றுக்கு விலை மனுவை மட்டும் புதுப்பித்தால் போதும்.

கோப்பின் ஒரு பிரதி சங்கக் கட்டிட அலுமாரியிலும் இன்னொன்று செயலாளர் வீட்டிலும் இருக்கட்டும். நிர்வாகம் மாறும்போது கோப்பை ஒப்படைத்ததைக் கூட்ட அறிக்கையில் பதிவு செய்யுங்கள்.

தாங்கி நிரம்பிய முதல் வருடம், புரட்டாசி கடைசியில் அதில் எத்தனை அங்குலம் நீர் மிச்சம் என்று ஒரு தடியால் அளந்து, யாரும் கேட்காவிட்டாலும் அறக்கட்டளைக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். இரண்டாவது விண்ணப்பம் எழுதும்போது முதல் பந்தியில் போடவேண்டிய இலக்கம் அதுதான்.